பட்டுநூல் ஜிமிக்கி: மலிவு யாருக்கு?

நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தின் பல வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு இரவு வேலை வந்துவிடுகிறது. தட்டுகளை எடுத்துத் துடைத்ததும் பழைய செய்தித்தாள் விரிகிறது. அதன்மேல் மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என நூல்கண்டுகள். ஒரு டப்பாவில் குடை வடிவ ஜிமிக்கி பேஸ், இன்னொன்றில் குந்தன் கல், பால் செயின், கொக்கி, ஸ்டாப்பர். நாற்காலி முதுகில் இருபது இழையைச் சேர்த்துச் சுற்றி, அறுத்து, நுனியில் ஃபேப்ரிக் க்ளூ தொட்டு, இழை மேல் இழை ஏறாமல் பேஸைச் சுற்றிக்கொண்டே போகிறது ஒரு கை. பக்கத்தில் செல்போன் மினுங்குகிறது. யாரோ ஒருவருடைய புடவை முந்தானையின் படம், கீழே ஒரு குரல்பதிவு: “இந்தக் கலருக்கு மேட்ச்சா வேணும் அக்கா, நூத்தியோரு செட். ரிட்டர்ன் கிஃப்ட்தானே, ரேட்டைப் பாத்துப் போடுங்க.”

அந்தப் ‘பாத்துப் போடுங்க’ பற்றித்தான் இந்தக் கட்டுரை. சவரன் விலை 2024 மார்ச் கடைசியில் 50,000 ரூபாயைக் கடந்தது. 2025 ஜனவரியில் 60,000, அதே ஆண்டு ஏப்ரலில் 70,000. காதணி விழாவுக்கு அரை கிராம் தோடு என்று பேசிய குடும்பங்கள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டன. வளைகாப்பு, கொலு, பிறந்தநாள், பள்ளி ஆண்டு விழா என எதற்கும் கைவசம் இருக்கும் பதிலாக நூல் நகை வந்து நிற்கிறது. குறைந்த செலவு, பார்க்க அழகு, கையால் செய்தது என்ற மூன்று பெருமையும் அதற்கு உண்டு. மூன்றில் முதலாவது மட்டும் எப்படிச் சாத்தியமாகிறது என்று யாரும் கேட்பதில்லை. நூலும் பேஸும் கல்லும் மலிவு என்பது பாதி விடைதான். மீதிப் பாதி, அதைச் சுற்றிய மணிக்கணக்கு யாருடைய பில்லிலும் ஏறவில்லை என்பது.

சரடிலிருந்து ஜிமிக்கிக்கு

நூல் நம் ஊரில் என்றைக்குமே நகைதான். தாலி கோத்த மஞ்சள் சரடு, வரலட்சுமி நோன்புச் சரடு, ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் கட்டிக்கொள்ளும் மஞ்சள் கயிறு, குழந்தையின் அரைஞாண் என்று பொன் வாங்க முடிந்த வீட்டிலும் முடியாத வீட்டிலும் உடம்பில் நூல் இருந்தது. இன்றைய பட்டுநூல் நகைக்கும் இதற்கும் நேர் வம்சாவளி கிடையாது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், டெரகோட்டா தோடு, பேப்பர் குவில்லிங் கம்மல் ஆகியவற்றோடு சேர்ந்து வீட்டுப் பெண்களின் கைத்தொழிலாக இது பரவியது. முதலில் பழைய பிளாஸ்டிக் வளையல் மேல் நூல் சுற்றிப் புடவைக்கு மேட்ச் செய்தார்கள். பிறகு ஜிமிக்கி வந்தது, பிறகு நெக்செட். உல்லன் நூலில் குரோஷா பூத் தோடும் குழந்தைகளுக்கான பிரேஸ்லெட்டும் பின்னாலேயே சேர்ந்துகொண்டன.

தாம்பரம் வட்டாரத்தில் இது வேர்விட இடவாகும் ஒரு காரணம். குரோம்பேட்டையிலோ சானடோரியத்திலோ மின்சார ரயில் ஏறினால் கடற்கரை நிலையம். இறங்கிப் பாரிமுனைக்குள் நடந்தால் காசிச் செட்டித் தெருவும் நாராயண முதலித் தெருவும். மூலப்பொருள் மொத்த விலையில் கிடைக்குமிடத்துக்குச் சொற்ப டிக்கெட்டில் போய், பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் திரும்பிவிடலாம். வாங்குவோரும் அருகிலேயே இருக்கிறார்கள். சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் என்று கொலு வைக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. 2021 நவம்பரில் சிட்லபாக்கம் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தபோது, அதே மாநகராட்சிக்குள் இன்னொரு நூல் ஊரான அனகாபுத்தூரும் வந்தது. நைஜீரியாவுக்கு ‘மெட்ராஸ் கைக்குட்டை’த் துணி நெய்து அனுப்பிய ஊர் அது. அந்த ஏற்றுமதி போனபின் தறிகள் குறைந்து, இன்று வாழைநாரில் புடவை நெய்து பிழைத்திருக்கிறது. ஒரே ஒரு வாங்குபவனை நம்பிய கைத்தொழிலுக்கு என்ன ஆகும் என்று அறிய வெகுதூரம் போகவேண்டியதில்லை.

*பெட்டிச் செய்தி*
*பட்டுநூலில் பட்டு உண்டா?*
*பெரும்பாலும் இல்லை. கடைகளில் ‘சில்க் த்ரெட்’ என்று கேட்டால் கிடைப்பது எம்ப்ராய்டரிக்கான ரேயான் அல்லது பாலியெஸ்டர் நூல். ரேயான் மரக்கூழிலிருந்து வருவது. பளபளப்பில் பட்டை ஒத்திருப்பதால் ‘செயற்கைப் பட்டு’ என்ற பெயர். அதை ஆலையில் செய்யும் முறை அத்தனை பவிசானது இல்லை: சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானி ஆற்றைக் கெடுத்த கதை கொங்கு நாட்டுக்குத் தெரியும். நிஜப் பட்டுக்கு அடையாளம் வேண்டுமென்றுதான் மத்திய பட்டு வாரியம் 2004இல் ‘சில்க் மார்க்’ முத்திரையைக் கொண்டுவந்தது. ஜிமிக்கிக்கு அந்த முத்திரையைத் தேடவேண்டாம். ஆனால் விற்பவர் ‘பியூர் சில்க்’ என்று சொன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.*

ஒரு சோடி, ஒரு மணி நேரம்

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட எண்கள். ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும். கல்லும் செயினும் வைத்த ஒரு சோடி ஜிமிக்கிக்குப் பொருள் செலவு 35 ரூபாய், விற்கும் விலை 75 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல் பிரித்து, சுற்றி, காயவைத்து, கல் ஒட்டி, கொக்கி மாட்டி, சின்னப் பெட்டியில் வைக்க ஒரு மணி நேரம். கையில் நிற்பது 40 ரூபாய். நிமிராமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 320. தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள் கூலி 336 ரூபாய். ஏரி தூர்வாரும் கூலியைவிடக் குறைவான தொகைக்கு, கண் கூசும் விளக்கடியில், கலர் மேட்ச் செய்து கொடுக்கிறோம். இதிலும் ரயில் டிக்கெட், கூரியர், சுற்றும்போது பிசிறி வீணாகும் நூல், ‘சாம்பிள் ஒண்ணு அனுப்புங்க’ என்று கேட்டு வாங்கிப் பிறகு பேச்சே இல்லாமல் போனவர்கள் ஆகிய எதுவும் சேரவில்லை. இடையில் ரீசெல்லர் ஒருவர் இருந்தால் 75 ரூபாயே 60 ஆகிவிடும். வாங்குபவர் கொடுப்பது 110ஆக இருந்தாலும்.

நூற்றியோரு செட் என்றால் நூற்றியோரு மணி நேரம். வீட்டு வேலை முடிந்து இரவில் மூன்று மணி நேரம் கிடைத்தால் முப்பத்துநான்கு இரவுகள் வேண்டும். ஆர்டர் வருவதோ இரண்டு வாரத்துக்கு முன். பதினான்கு இரவில் முடிக்க ஒவ்வொரு இரவும் ஏழு மணி நேரத்துக்கு மேல். அது நடக்காது. ஆகவே பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் நூல் பிரிக்கிறாள், மாமியார் கல் ஒட்டுகிறார், கணவர் பெட்டி மடிக்கிறார். குடும்பமாகச் சேர்ந்து செய்வது அழகான காட்சிதான். ஆனால் இப்போது அந்த 40 ரூபாய் ஒருவருடைய கூலியாகவும் இல்லை. நான்கு பேருக்குப் பங்கு போட்டதாகிவிட்டது. கழுத்து வலியும் கண் எரிச்சலும் பங்கு போடாமலே நால்வருக்கும் வருகின்றன.

இதற்கு நேர் எதிரில், கூப்பிடு தூரத்தில், இன்னொரு கணக்கு ஓடுகிறது. சானடோரியத்தில் 1984இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகத்தை, அதாவது நம் வாய்க்கு ‘மெப்ஸ்’ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயுள்ள ஆடை நிறுவனங்களிலும் பெண்களின் கைகள் நூலோடுதான் வேலை செய்கின்றன. அந்த வேலை சொர்க்கம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் கேட்டுக்குள் நுழைந்த கைக்குக் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஓவர்டைம் என்று சட்டம் பேசுகிறது. கேட்டுக்கு வெளியே, மெயின் ரோட்டைத் தாண்டி, சாப்பாட்டு மேசையில் அதே நூலைச் சுற்றும் கைக்குச் சட்டம் அப்படிப் பேசுவதில்லை. வீட்டிலிருந்து பீஸ் கணக்கில் உழைப்பவர்களையும் தொழிலாளர்களாக மதிக்கவேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை இதுவரை ஏற்று உறுதிசெய்யவில்லை. சொந்தமாக ஆர்டர் எடுக்கும் நம் ஜிமிக்கிக்காரர் அந்த உடன்படிக்கையின் வரையறைக்குள் முழுதாக அடங்குவாரா என்பதும் வாதத்துக்குரியது. ஆனால் ரீசெல்லர் நூலும் பேஸும் கொடுத்து ‘சுத்திக் கொடுங்க, சோடிக்கு இவ்வளவு’ என்று சொல்லும் இடத்தில், வேறு எப்படிப் பார்த்தாலும் அது கூலி வேலைதான்.

‘சும்மா இருக்கிற நேரம்தானே?’

இந்த வாதத்துக்கு முதலில் வரும் மறுப்பு வாங்குபவரிடமிருந்து வருவதில்லை. பல நேரம் செய்பவரிடமிருந்தே வருகிறது. ‘டி.வி. பாக்குற நேரத்துல செய்யறது. மனசுக்கு நிம்மதியா இருக்கு. இதுக்கெல்லாம் மணிக்கணக்கு பாக்க முடியுமா?’ இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. நிறம் சேர்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, முடிந்த சோடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதில் ஒரு கர்வம் இருக்கிறது. ஆனால் அந்தச் சும்மா நேரம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடத்தை அதற்குக் கொடுக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு மிஞ்சுவதைச் சும்மா நேரம் என்று சொல்லும் உரிமை அந்த 88 நிமிடக்காரருக்கு இல்லை. சுகமாகச் செய்யும் வேலைக்குக் கூலி வேண்டாம் என்றால் கச்சேரி செய்பவருக்கும் சன்மானம் வேண்டாம் என்றாகும். மயிலாப்பூர் சபாக்கள் ஒப்புக்கொள்ளுமா தெரியவில்லை.

இந்தப் பேச்சின் விளைவு என்ன என்று ஆந்திராவின் நரசாபூர் ஏற்கெனவே காட்டிவிட்டது. மேற்கு கோதாவரிக் கரையில் அந்த ஊரைச் சுற்றி ஏராளமான பெண்கள் வீட்டிலிருந்து குரோஷா ஊசியால் லேஸ் பின்னினார்கள். மிஷனரிகள் கற்றுக்கொடுத்தது, வியாபாரிகள் கைக்குப் போய், வெளிநாட்டுச் சந்தை வரை போனது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களிடையே ஆய்வு செய்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு கூலி குறைவு என்பதல்ல. அது வெளிப்படையாகவே தெரிந்தது. அந்தப் பெண்களைத் தொழிலாளிகள் என்று யாருமே கருதவில்லை என்பதுதான். வீட்டில் இருக்கும் குடும்பத்தலைவி, ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறாள் என்று வியாபாரி சொன்னார், கணவர் சொன்னார், அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அப்படிச் சொல்லும்வரை கூலியை உயர்த்தவேண்டிய அவசியம் எவருக்கும் வரவில்லை. சிட்லபாக்கத்து ஜிமிக்கி ஏற்றுமதி ஆகவில்லை. ஆனால் ‘பாத்துப் போடுங்க’ என்ற குரல் அதே இடத்திலிருந்துதான் வருகிறது.

எதிர் உதாரணமும் நம்மிடமே இருக்கிறது, அதுவும் அதைவிடப் பழையது. 1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அங்கே லேஸ் விற்ற காசில் பின்னிய பெண்களுக்கும் வருமானம் கிடைத்தது. அடிமை நிலையில் இருந்த சில பெண்கள் அந்தக் காசைக் கொண்டு தங்களையே மீட்டுக்கொண்டார்கள். மதப் பிரசாரத்தைப் பற்றி எவருக்கு என்ன கருத்து இருந்தாலும், அதே நூல், அதே பொறுமை; வருமானம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் நரசாபூருக்கும் நாகர்கோவிலுக்கும் இடையிலான வித்தியாசம் முழுவதும் இருக்கிறது.

‘விலை ஏத்துனா யார் வாங்குவா?’

இரண்டாவது மறுப்பு வலுவானது. ரங்கநாதன் தெருவில் ராஜ்கோட் கவரிங் தோடும் சீனத்து ஃபேன்ஸி கம்மலும் இதைவிட மலிவாகக் கிடைக்கும்போது, நூல் ஜிமிக்கியின் விலையை ஏற்றினால் வியாபாரமே போய்விடும் என்பது. மலிவில் போட்டி போட்டால் நிச்சயம் போய்விடும். ஆனால் அந்தப் போட்டிக்கு நாம் ஏன் போகவேண்டும்? ஆயிரக்கணக்கில் அச்சில் வார்த்த கம்மல் ஒருபோதும் செய்யமுடியாத ஒரு காரியத்தை நூல் ஜிமிக்கி செய்கிறது: அந்தப் புடவையின் அந்த பார்டருக்கு, அந்த நிறத்தில், அந்தக் காதின் அளவுக்கு வருகிறது. எம்ப்ராய்டரி நூலில் நூற்றுக்கணக்கான ஷேடு உண்டு. அரக்கும் மெரூனும் வேறு என்று தெரிந்த கண்ணுக்கு உள்ள விலை அது. வாங்குபவர் முந்தானைப் படம் அனுப்பும் அந்த நொடியிலேயே தான் ரங்கநாதன் தெருவில் கிடைக்காத ஒன்றைக் கேட்கிறோம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு ரங்கநாதன் தெரு ரேட் கேட்பது நியாயமில்லை.

*பெட்டிச் செய்தி*
*அதே பட்ஜெட், வேறு கணக்கு*
*100 செட் × 75 ரூபாய் = 7,500. செய்பவருக்கு மணிக்கு 40.*
*60 செட் × 120 ரூபாய் = 7,200. பொருள் 35, சேதாரமும் பேக்கிங்கும் 10, செய்பவருக்கு மணிக்கு 75. எட்டு மணி நேரத்துக்கு 600.*
*மீதி 40 பேருக்கு? வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், சுண்டல். கொலுவுக்கு வந்தவர்களுக்கு முன்பெல்லாம் கொடுத்ததும் அதுதான்.*

மூன்றாவதாக ஒரு கேள்வி மனசாட்சியிலிருந்து எழும்: விலை கூடினால் கையில் காசு இல்லாதவர் என்ன பரிசு கொடுப்பார்? இங்கே இரண்டு காரியங்களைப் பிரிக்கவேண்டும். தோழியின் பிறந்தநாளுக்குக் கல்லூரி மாணவி தானே உட்கார்ந்து ஒரு சோடி சுற்றினால், அவள் தன் நேரத்தைத் தானே தெரிந்து கொடுக்கிறாள். அது உண்மையிலேயே குறைந்த செலவுப் பரிசு. நூலும் பேஸும் க்ளூவும் வாங்கக் கொஞ்சம் காசு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அதற்கு எந்தக் கணக்கும் வேண்டாம். முதல் சோடி கோணலாக வந்தாலும் தோழி போட்டுக்கொள்வாள். ஆனால் நூறு பேருக்குக் கொடுக்க இன்னொருவரிடம் ஆர்டர் செய்யும்போது, கொடுப்பவரின் தாராளம் செய்பவரின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. கையால் செய்தது என்ற பெருமையை விருந்தினர் முன் அனுபவிப்பவர் அந்தக் கைக்குரியதைக் கொடுக்கவேண்டும். முடியாதென்றால் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

பிளாஸ்டிக் பற்றிய முணுமுணுப்பும் உண்டு. பேஸ் பிளாஸ்டிக், நூல் செயற்கை, இரண்டு முறை போட்டபின் குப்பை. ஏரிக்கரையில் கொட்டிய குப்பையை அகற்றப் பல ஆண்டுகள் போராடிய சிட்லபாக்கத்துக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. இதற்கு முழு விடை கிடையாது. பழைய வளையலை பேஸாக எடுத்துக்கொள்வது, நூல் அழுக்கானால் பிரித்து மறுபடி சுற்றித் தருவது ஆகியவை பாதி விடை. மறுபடி சுற்றுவதற்கும் கூலி உண்டு என்பதால் செய்பவருக்கும் அது நல்லதே. தவிர, 120 ரூபாய் கொடுத்து வாங்கியதை யாரும் அவ்வளவு சுலபமாகத் தூக்கி எறிவதில்லை.

கணக்குப் புத்தகம் திறந்தால்

அரசுப் பக்கம் கதவு முழுக்க மூடியிருக்கிறது என்று சொல்லமுடியாது. 1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கி, 1989இல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் முளைத்ததிலிருந்து, குழுவாகச் சேரும் பெண்களுக்குக் கடனும் ‘மதி’ என்ற விற்பனைப் பெயரும் கிடைத்திருக்கின்றன. 2025 ஏப்ரலில் பக்கத்துக் குன்றத்தூரில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 வகைத் தொழில்களுக்கு மானியத்தோடு கடன் தருகிறது. முன்பு ஆன்லைன் தளங்களில் ஒரு சோடி விற்கவும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் வரம்புக்குள் உள்ள சிறு விற்பனையாளர்கள் தம் மாநிலத்துக்குள் பதிவில்லாமலே அங்கே பொருட்களை விற்கலாம். 2023 செப்டம்பரில் வந்த மகளிர் உரிமைத் தொகையின் ஆயிரம் ரூபாய், வீட்டுக்குள் நடக்கும் உழைப்புக்கும் மதிப்பு உண்டு என்று அரசே ஒப்புக்கொண்ட கையெழுத்து. ஆனால் கடனுக்கும் தளத்துக்கும் போகுமுன் சோடிக்கு எத்தனை நிமிடம் என்று எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் வேண்டும். அது இல்லாமல் வாங்கும் கடன், 40 ரூபாய் மணிக்கூலியை இன்னும் பெரிய அளவில் ஓட்டத்தான் பயன்படும்.

தனியாக ஒருவர் விலையை ஏற்றினால் ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போகும். இது நிஜமான பயம். சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் சேலையூரிலும் செய்பவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே அடிமட்ட ரேட் வைத்துக்கொண்டால்தான் அது தீரும். நூலை மொத்தமாக வாங்கினால் பாரிமுனைப் பயணமும் பத்தில் ஒன்றாகும். இதற்குச் சங்கம், கொடி, தலைவர் எதுவும் வேண்டாம். ஆர்டருக்குப் பாதி அட்வான்ஸ், நிறம் மாற்றினால் தனிக் கட்டணம், சாம்பிளுக்குக் காசு, நவராத்திரி ஆர்டர் ஆடிப்பெருக்கோடு முடிவு என்ற நான்கு விதிகள் போதும். தீபாவளிக்கு வெகு முன்பே ‘பிளவுஸ் எடுப்பதில்லை’ என்று தையல்காரர் போர்டு மாட்டுகிறார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அடுத்த வருஷம் சீக்கிரமே துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஜிமிக்கி செய்பவரும் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அப்படி ஒரு வரி போடலாம்: இந்த நவராத்திரிக்கு ஆர்டர் முடிந்தது.